இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்துவிட்ட அப்பாவைக் கவனித்துக்கொள்வதற்காக, கணக்குத் துறை வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். இப்போது அவர் கைத்தடியுடன் நடக்கிறார். ஒரே வீட்டில் இருந்தாலும், தம்பிக்கு வேலை இருப்பதால் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. நேர்காணல்களில் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால், இணையவழியில் மேற்படிப்பு படித்ததாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற முறை சான்றிதழ் கேட்டார்கள், திணறிப்போனேன். இனிக் கேட்டால் என்ன சொல்லலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு தம்பி வந்துபோகிறான். அவனுக்கு வேலை இருந்தது என்கிறீர்களே, நீங்கள் விட்டுவிட்டு வந்தது மட்டும் என்னவாம்? பெற்றவரைப் பேணுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கடமை. மகள் முன்வந்துவிட்டாள் என்பதற்காக மகனின் பங்கு தள்ளுபடியாகிவிடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

நேர்காணலுக்குத் தொடர்பில்லாத வீட்டு விவகாரம் என்று இதை ஒதுக்காதீர்கள். இடைவெளியைப் பற்றிக் கேட்பவர் பெரும்பாலும் அறிய விரும்புவது, அதே காரணம் மறுபடி வந்தால் மறுபடியும் எழுந்து போய்விடுவீர்களா என்பதைத்தான். அதற்கு வீட்டிலேயே விடை இல்லாதபோது, நேர்காணலில் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது, இரவில் யார் பார்ப்பது, திடீரென்று உடல்நிலை மோசமானால் யார் விடுப்பு எடுப்பது என்பதையெல்லாம் முதலில் தம்பியோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

அதன்பின் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "என் தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டதால் இரண்டு ஆண்டுகள் அவரைக் கவனித்துக்கொண்டேன். இப்போது தேறியிருக்கிறார், பொறுப்பை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறோம். முழுநேரப் பணிக்குத் தயாராக இருக்கிறேன்." இதோடு நிறுத்துங்கள். நோயின் விவரமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். தகப்பனைப் பார்த்துக்கொண்டதை நிர்வாகத் திறன் என்று விலைபேசவும் வேண்டாம். (அப்படிப் பேசச் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்களை எனக்குப் பிடிப்பதில்லை.) இரண்டு ஆண்டுகளில் கணக்கு மென்பொருளும் வரி விதிகளும் மாறியிருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தெரிந்துகொள்ள என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள், ஒன்றும் செய்யவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள்.

நெருக்கடியைச் சமாளித்த அனுபவத்தைக் கேட்டால், பழைய வேலையிலிருந்து ஒரு நிகழ்வை எடுத்து, சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் சொல்லுங்கள். முன்பு நடந்துகொண்ட விதம்தான் இனி நடந்துகொள்ளப்போவதைக் காட்டும் என்ற எண்ணத்தில் உளவியலாளர்கள் முன்வைத்த கேள்விமுறை இது. ஆகவே, "நாங்கள் செய்தோம்" என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்கு மதிப்பெண் விழாது.

மேற்படிப்பு என்ற பொய்யைத் தன்விவரக் குறிப்பில் எழுதியிருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு அகப்பட்டாலும், உங்களை வெளியேற்ற அது ஒன்றே போதும். சான்றிதழ் கேட்டால் என்ன சொல்வது என்ற உங்கள் கேள்விக்கு நான் பதில் தருவதாக இல்லை.