திகதிக் கொப்பிக்கு நோய் தெரியுமா?

கேள்வி: அம்மாவுக்கு ஒரு கண் மங்கல். ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) டொக்டர் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே நாலு மாதம் கழித்துத் திகதி போட்டார்கள். அதே நிபுணரை டவுனில் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணினால் மறுநாளே பார்க்கலாமாம். இதற்குப் பெயர் இலவச மருத்துவமா?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: "நிபுணர்களுக்குத் தட்டுப்பாடு, 2022 இல் காசு நெருக்கடி வந்ததோடு கனபேர் வெளிநாடு போய்விட்டார்கள்" என்று ஒரு வரியில் உங்களை அனுப்பிவிடலாம். அதிகாரிகள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அதில் பொய்யுமில்லை. வன்னிக்கு ஒரு நிபுணர் வந்து கிளினிக் சீராக நடக்கத் தொடங்கும்போது மாற்றல் கடிதமும் வந்துவிடும். நியமனமும் மாற்றலும் கொழும்பில், அமைச்சின் கையில். அடுத்தவர் வரும்வரை நோயாளிகள் யாழ்ப்பாணம், வவுனியா, அனுராதபுரம் என்று பஸ் ஏறவேண்டியதுதான்.

ஆனால் ஆள் குறைவென்றால் வரிசை நீளும், அவ்வளவுதான். அந்த வரிசையில் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்பதை ஆட்குறைவு தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது தாதியின் மேசையில் கிடக்கும், திகதி எழுதும் சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைப் பதிவேடு). நான் பார்த்த ஒரு கொப்பியில் பெயர், வயது, ஊர், திகதி என்று நாலு கோடு அடித்திருந்தது. என்ன வருத்தம், எவ்வளவு அவசரம் என்று எழுத இடமே இல்லை. வந்த ஒழுங்கில் பெயர் ஏறுகிறது. கண்புரை என்றால் நாலு மாதம் பொறுக்கலாம். சத்திர சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) என்றால் போன பார்வை போனதுதான். விழித்திரை கழன்றதென்றால் கணக்கு மாதத்தில் இல்லை, நாளில். மூன்று பேரும் ஓபிடியில் சொல்வது ஒன்றுதான்: "கண் மங்கலாக் கிடக்கு டொக்டர்." துண்டிலும் அதுவே எழுதப்பட்டால் கொப்பி எழுதும் பிள்ளை என்ன செய்யும்?

சனல் விஷயத்துக்கு வருகிறேன். அரச மருத்துவர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியாரில் பார்க்க 1977 இலிருந்து அனுமதி உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. சனலில் காசு கட்டி, அங்கேயே ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அரச கிளினிக்கின் முன்வரிசைக்கு வருகிறார்களே, அதில்தான் சண்டை. சிகிச்சை அரச ஒப்பரேஷன் தியேட்டரில், அரச சம்பளத்தில். அப்படி வருபவர் காசு கொடுத்து வாங்கியது உங்கள் அம்மாவின் இடத்தை.

2024 இல் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்களுக்கான சிகிச்சை நிலையத்தை ஜனாதிபதியே வந்து திறந்தார். நல்ல காரியம். ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் "புது நோயாளிக்கு இத்தனை நாள்" என்று எழுதிப்போட ஜனாதிபதி தேவையில்லை, ஒரு மார்க்கர் போதும். அதைத்தான் ஒருவரும் செய்கிறார்களில்லை.

நீங்கள் டவுனுக்கு ஓடமுதல் அம்மாவைத் திரும்ப ஓபிடிக்குக் கூட்டிப்போங்கள். எந்தக் கண், எப்போதிருந்து, திடீரென்றா மெல்ல மெல்லவா, நோ இருக்கிறதா, லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதா, சீனி வருத்தம் உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லி, துண்டில் எழுதக் கேளுங்கள். அவசரமென்றால் "அவசரம்" என்றே எழுதட்டும். பார்வை திடீரென்று இருண்டாலோ, திரை விழுந்தமாதிரி இருந்தாலோ, மின்னல் மின்னலாகத் தெரிந்தாலோ திகதி பார்க்க வேண்டாம், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிறகு ஒரு கடிதம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலைத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் கண் கிளினிக்குக்கு வந்த புது நோயாளிகள் எத்தனை நாள் காத்திருந்தார்கள், எத்தனை பேருக்குத் திகதி முன்னுக்கு இழுக்கப்பட்டது, என்ன காரணத்துக்காக. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். வருவதை எங்களுக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.