சுந்தர ராமசாமிக்குத் தமிழ் பிந்தி வந்ததா?

கேள்வி: நாகர்கோவில்காரரான எழுத்தாளர் சுந்தர ராமசாமி (சு.ரா.) 18 வயதுக்குப் பிறகுதான் தமிழ் எழுதப் படித்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பேச்சுமொழி தமிழ், எழுத்துமொழிதான் பிந்தியது. 1931-ல் பிறந்தவர், சிறுவயதில் குடும்பத்தோடு கோட்டயத்தில் இருந்தார். பள்ளியில் மலையாளம். மூட்டுநோய் படுக்கையில் போட்டதால் படிப்பும் பாதியில் நின்றது. அந்தக் கோட்டயம் வீட்டை அப்படியே பார்க்க வேண்டுமானால் அவருடைய 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலைத் திறவுங்கள். 1930-களின் கடைசி வருடங்கள், கண்டிப்பான அப்பா, உடம்புக்கு முடியாத அம்மா.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இதை மறந்துவிட்டுப் படித்தால் அவருடைய மலையாளப் பிடிப்பு புரியாது. மலையாள நாவலாசிரியர் தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இவரே. முதலாவதைச் சு.ரா.வின் சொந்த நாவல் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அட்டையில் இரண்டு பெயரையும் பாருங்கள். சு.ரா.வின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் நாயகன் மலையாள எழுத்தாளன் என்பதும் தற்செயல் இல்லை. ஆனால் ஜே.ஜே. கற்பனைப் பாத்திரம், தேடி அலைய வேண்டாம்.

பிழைப்புக்கு நாகர்கோவிலில் குடும்பத்தின் ஜவுளிக்கடை. கவிதைக்கு மட்டும் பசுவய்யா என்று பெயர். நூலகப் பட்டியலில் 'நடுநிசி நாய்கள்' தொகுப்பைச் சு.ரா. பெயரில் தேடினால் சில இடங்களில் கிடைக்காது, காரணம் இதுதான். அவர் 1988-ல் தொடங்கிய 'காலச்சுவடு' இதழைப் பிறகு நடத்தியவர் மகன் கண்ணன். சு.ரா. காலமானது 2005 அக்டோபரில், அமெரிக்காவில்.