கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறத் தெரியுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறு மாதமாகக் கயாக்கில், அதாவது துடுப்பால் ஓட்டும் சிறு படகில், மீன் பிடிக்கப் போகிறேன். என்னுடையது நின்றுகொண்டே தூண்டில் போடும் அளவுக்கு அகலமான கயாக். இதுவரை ஒரு முறைகூடக் கவிழ்ந்ததில்லை, எனக்கு நீச்சலும் நன்றாகத் தெரியும். ஆனால் கூட வரும் நண்பர், விழுந்தால் திரும்ப ஏறிப் பழகியிருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு அகலமான கயாக்குக்கு அந்தப் பழக்கமெல்லாம் தேவையா?

பதில்: தேவை. அகலமான கயாக் என்பதால்தான் இன்னும் அதிகமாகத் தேவை. குறுகலான கயாக் ஓட்டுகிறவர் ஆரம்பத்திலேயே நாலு தடவை தண்ணீரில் விழுந்து, ஏறி, அதை உடம்புக்குப் பழக்கப்படுத்தியிருப்பார். உங்களுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை, அதனால் முதல் தடவை விழும்போது அது பயிற்சியாக இருக்காது, நிஜமாகவே இருக்கும், அதுவும் கரையிலிருந்து தூரத்தில், காற்று வீசுகிற நேரத்தில் இருக்கலாம்.

இன்னொன்று, 80, 90 செ.மீ. அகலமுள்ள கயாக் நேராக இருக்கும்போது எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ, கவிழ்ந்த பிறகும் ஏறக்குறைய அதே உறுதியோடு தலைகீழாக மிதக்கும். மீன்பிடி கயாக்குகளில் பல வெறும் உடம்பே 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். அதோடு சீட், பெட்டி, பேட்டரி, ராட் (தூண்டில் கோல்) எல்லாம் சேர்த்து, கால் ஊன்ற இடமில்லாத ஆழத்தில் மிதந்தபடியே புரட்ட வேண்டும்.

நீச்சல் தெரிந்தது நல்லதுதான், ஆனால் கயாக்கில் ஏறுவது வேறு வித்தை. தவிர, ஆள் இல்லாத கயாக்கைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நீந்திப் பிடிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அதனால் விழுந்த உடனே கை போக வேண்டிய இடம் கயாக்தான், அடுத்து துடுப்பு. தொப்பியும் ராடும் மிதந்து போனால் போகட்டும்.

உங்கள் நண்பர் கேட்டது சரியான கேள்வி. அவரையே கூட்டிக்கொண்டு இந்த வாரமே தண்ணீரில் இறங்குங்கள்.

கேள்வி: சரி, பழகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது, எப்படி ஏறுவது, படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: வெதுவெதுப்பான, அலை இல்லாத தண்ணீர், நெஞ்சளவு ஆழம், பக்கத்தில் ஒரு ஆள். முதல் நாள் கயாக்கில் எதுவும் வேண்டாம், சீட்டும் துடுப்பும் போதும். சீட்டை மட்டும் வாரால் நன்றாகக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் கழற்றி மாட்டும் சட்டகச் சீட்டுகள் கயாக் கவிழ்ந்ததும் கழன்று விழுந்துவிடும். உயரமும் தாழ்வும் மாற்றக்கூடிய சீட் என்றால் தாழ்வில் வைத்துப் பழகுங்கள்.

முதலில் நிமிர்த்துவது. அகலமான கயாக்கில் கவிழ்ந்த அடிப்பாகத்தைத் தாண்டி எதிர் விளிம்பைப் பிடிக்கப் பலருக்குக் கை எட்டாது. அதற்கு ஒரு எளிய வழி, கயாக்கின் பக்கவாட்டுக் கைப்பிடியில் ஒரு தடித்த கயிறோ நாடாவோ நிரந்தரமாகக் கட்டி வைத்துக்கொள்வது. கவிழ்ந்ததும் அந்தக் கயிற்றை அடிப்பாகத்தின் மேலே போட்டு, நீங்கள் எதிர்ப்பக்கம் வந்து, முழங்காலைக் கிட்டத்து விளிம்பில் ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாக்கச் சாயுங்கள். கை பலத்தால் இழுக்கப் பார்க்காதீர்கள், உடம்பின் எடை தானாக வேலை செய்யும். கயாக் உங்களை நோக்கித்தான் புரண்டு வரும், கடைசி நொடியில் வேகமாக வரும், அதனால் தலையைத் தள்ளி வைத்து ஒரு கையை முகத்துக்கு மறைப்பாக வையுங்கள். பெடல் கயாக் என்றால் பெடலின் கீழ்ப்பகுதி கவிழ்ந்த அடிப்பாகத்தில் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

அலை இருக்கும் இடத்தில் அலை வரும் பக்கத்தில் நீங்கள் இருங்கள். மறுபக்கம் நின்றால் ஒவ்வொரு அலையும் கயாக்கைத் தூக்கி உங்கள் மேல் போடும். கரையோர அலையில் கரைக்கும் கயாக்குக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது.

அடுத்து ஏறுவது. இங்கேதான் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மதில் சுவரில் ஏறுவது போல, கால் நேராகக் கீழே தொங்க, கையை ஊன்றி எம்பப் பார்ப்பார்கள். கால் கயாக்குக்கு அடியில் போய்விடும், கிட்டத்து விளிம்பு அமுங்கும், கயாக் மறுபடி தலையில் கவிழும். அப்படி இல்லாமல், சீட்டுக்குச் சற்று முன்னால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் கால்களை உதைத்து நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், குப்புற நீந்துகிற மாதிரி உடம்பு படுக்கையாக வரட்டும். பிறகு பலமாக உதைத்துக்கொண்டே கயாக்கை உங்களுக்கு அடியில் இழுத்துவிடுங்கள். நீங்கள் மேலே ஏறுவதாக நினைக்காமல் கயாக்கை வயிற்றுக்கடியில் செருகுவதாக நினைத்துக்கொண்டால் உடம்பு சரியாக வளையும். ஒரு கை எதிர்ப்பக்கக் கைப்பிடியைத் தேடிப் பிடிக்கட்டும்.

தொப்புள் கயாக்கின் நடுக்கோட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அவசரம் வேண்டாம், அப்படியே குப்புறக் கிடந்து இரண்டு மூச்சு விடலாம். பிறகு புரண்டு பிட்டத்தைச் சீட்டில் வையுங்கள், கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, பிட்டம், கால், இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டி போட்டு எழுந்திருக்க நினைத்தால் திரும்ப விழுவீர்கள்.

நெஞ்சளவில் நன்றாக வந்த பிறகு கால் எட்டாத இடத்தில் செய்யுங்கள். தரையில் ஒரு உந்து கொடுத்து ஏறுவதற்கும், எதுவுமே இல்லாத ஆழத்தில் ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் உண்மையான பழக்கம். வெறும் கயாக்கில் நான் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டேன், இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போகும் அதே கோலத்தில், முன் பைகளில் தூண்டில் டப்பாக்கள் திணித்த ஜாக்கெட்டோடு இறங்கினேன். வயிறு விளிம்பைத் தாண்டவே இல்லை, டப்பாக்கள் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றன. ஏழாவது முயற்சியில்தான் ஏறினேன், ஏறியபோது கை நடுங்கியது. அன்றோடு என் ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் விசிலும் கத்தியும் தவிர எதுவும் இல்லை. வெறும் கயாக்கில் மட்டும் பழகியிருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதனால் நீங்கள் எந்த உடுப்பில், எந்தப் பெட்டியோடு போகிறீர்களோ அதோடு பழகுங்கள். ராட் வேண்டுமென்றால் பழைய ராட், கொக்கிகளைக் கழற்றிவிட்டு.

கேள்வி: எனக்கு வயது 58, தோள்பட்டை வலி உண்டு. எத்தனை முறை முயன்றும் வயிறு வரை வர முடியவில்லை. நான் கயாக்கை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம், காலுக்கு வேலை கொடுங்கள். ஒரு அகலமான நாடாவில் வளையம் செய்து அதில் கால் வைத்து ஏறலாம். எங்கே கட்டுகிறீர்கள் என்பது முக்கியம். நீங்கள் ஏறும் பக்கத்து விளிம்பிலேயே கட்டினால் உங்கள் எடை அந்த விளிம்பை அமுக்கிக் கயாக்கைக் கவிழ்க்கும். எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கட்டி, கயாக்கின் குறுக்கே கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஏறக்குறைய முழங்கால் ஆழத்துக்குத் தொங்க விடுங்கள். நாடாவின் அடியில் ஒரு துண்டு ரப்பர் குழாயைக் கோத்துவிட்டால் வளையம் தண்ணீரில் விரிந்தே இருக்கும், காலால் தேட வேண்டியதில்லை. மிதிக்கும்போது குதிகாலை உங்கள் பின்பக்கமாக இழுத்து மிதியுங்கள், இல்லாவிட்டால் கால் கயாக்குக்கு அடியில் ஓடிவிடும். ஏறியதும் முதல் வேலையாகக் காலை வளையத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஜாக்கெட்டையும் கவனியுங்கள். தளர்வாக இருந்தால் அது காது வரை ஏறிக்கொண்டு கையை அசைக்க விடாது. யாரையாவது தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தாடையைத் தொட்டால் வாரை இறுக்குங்கள்.

வளையத்தோடும் முடியவில்லை என்றால், தனியாகப் போகாதீர்கள். இதை உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன். துணைக் கயாக் பக்கவாட்டில் வந்து உங்கள் கயாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஏறுவது பாதி சுலபம்.

கேள்வி: ராட், பெட்டி, துடுப்பு எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கயாக்கோடு கட்டிவிடலாமா?

பதில்: துடுப்பைக் கட்டுங்கள், விலை உயர்ந்த இரண்டொன்றைக் கட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். கவிழ்ந்த கயாக்கின் அடியில் எட்டுக் கயிறும் தூண்டில் நரம்பும் கொக்கியும் பின்னிக்கொண்டு தொங்கும் இடத்தில்தான் நீங்களும் மிதப்பீர்கள். நீளச் சுருள் கயிறுகள் குறைவாக இருக்கட்டும், ஜாக்கெட்டில் ஒரு கையால் எடுக்கும்படி கத்தி இருக்கட்டும். போனும் ரேடியோவும் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் இல்லை. ஓட்டமுள்ள தண்ணீரில் பக்கவாட்டில் நங்கூரம் கட்டாதீர்கள், கவிழ்வதற்கு அதுவே காரணமாகிவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ, ஒரே இழுப்பில் கழலும்படி கட்டுங்கள்.

கேள்வி: குளிர்காலத்திலும் போகிறேன். இடுப்புக்கு மேல் வரும் வேடர் (பாதத்திலிருந்து மேலே வரும், தண்ணீர் புகாத உடுப்பு) போட்டுக்கொள்வேன். தண்ணீர் புகுந்தால் அது ஆளைக் கீழே இழுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இழுக்காது. உள்ளே புகுந்த தண்ணீரும் வெளியே உள்ள தண்ணீரும் ஒரே எடைதான். ஆனால் ஏறும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும், கஷ்டம் அங்கேதான். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், வேடரோடு ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

வேடரைவிட எனக்குக் கவலை குளிர்தான். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் விழுந்ததும் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லித்தருகிறார்: உறையவைக்கும் தண்ணீரில் மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க ஏறக்குறைய 10 நிமிடம், குளிரால் நினைவு தப்புவதற்கு முன் ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் ஏறியாக வேண்டும், அதில் யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. வெயில் அடிக்கிறதே என்று பார்க்காமல் தண்ணீரின் குளிருக்கு ஏற்ற உடுப்புப் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் ஏற முடியவில்லை என்றால்?

பதில்: மூன்று முயற்சிக்குப் பிறகு நிறுத்துங்கள், நாலாவது உங்கள் மிச்சத் தெம்பையும் எடுத்துவிடும். நீங்கள் ஏற ஏறக் கயாக் அதிகமாகத் தள்ளாடினால் ஹேட்ச் (கயாக்கின் மேலுள்ள மூடித் திறப்பு) வழியாக உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம், பத்து லிட்டர் புகுந்தாலே பத்து கிலோ இங்கும் அங்கும் ஓடும். அப்போது அது நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுங்கள். கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் வயிற்றை வைத்து, உடம்பில் முடிந்த அளவை தண்ணீருக்கு வெளியே எடுங்கள். விசில் ஊதுங்கள், ரேடியோவிலோ போனிலோ உதவி கேளுங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று கயாக்கை விட்டு நீந்தப் போகாதீர்கள். தண்ணீரில் இருந்து பார்க்கும்போது தூரம் குறைவாகத் தெரியும், தேடி வருகிறவர் கண்ணுக்கு ஒரு தலையைவிடக் கயாக்தான் முதலில் படும்.