ரேடியோஹெட் குழு ஏன் தன் பாணியை மாற்றிக்கொண்டே இருந்தது?

பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் 'கிரீப்' பாடலைக் கேட்டுவிட்டு 'கிட் ஏ' ஆல்பத்துக்குப் போனால் இரண்டும் ஒரே குழுவா என்று சந்தேகம் வருகிறது, ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், ஒரே பாட்டோடு முடிந்துபோகக் கூடாது என்ற பிடிவாதம்தான் காரணம்.

1985-ல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே அபிங்டனில், ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர் சேர்ந்த குழு இது. வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால் அப்போது 'ஆன் எ ஃபிரைடே' என்று பெயர். 1991-ல் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமான பிறகே ரேடியோஹெட் ஆனார்கள். அன்று தொடங்கிய அதே ஐவர்தான் இன்றுவரை.

1992-ல் வந்த 'கிரீப்' பிரிட்டனில் முதலில் எடுபடவில்லை. மறுவருடம் மீண்டும் வெளியிட்டபோதுதான் பிடித்துக்கொண்டது. அதில் பல்லவிக்குச் சற்று முன்னால் ஜானி கிரீன்வுட்டின் கிதார் 'கரக், கரக்' என்று வெட்டும், கவனித்துப் பாருங்கள். பாட்டு ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்று எரிச்சலில் அவர் அடித்த அடி அது! அதுவே பாட்டின் உயிராகிவிட்டது.

அப்புறம் எங்கே போனாலும் அதே பாட்டைக் கேட்டார்கள். அந்த அலுப்பிலிருந்து 1995-ல் 'தி பெண்ட்ஸ்', 1997-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பங்கள் வந்தன. 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் பதிவானது. அதன் கல் சுவர்களின் எதிரொலி சில பாடல்களில் அப்படியே கேட்கும்.

உலகப் புகழ் வந்ததும் குழுவின் பாடகர் தாம் யார்க் சோர்ந்துபோனார், கிதார் இசையே அவருக்குச் சலித்தது. 2000-ல் வந்த 'கிட் ஏ'யில் மின்னணு ஒலிகள் முன்னுக்கு வந்தது அதனால்தான். பொறுமையாக நாலு தடவை கேளுங்கள், பிறகு விடமாட்டீர்கள்.