எந்த ஏரியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வடசென்னையில் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வேலையில் சேரும்போது வில்லிவாக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்தேன். யார் கேட்டாலும் இன்றுவரை வில்லிவாக்கம் என்றுதான் சொல்கிறேன். போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது வடசென்னையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தப் பக்கம் ராத்திரியில் போகவே முடியாது, எல்லார் இடுப்பிலும் கத்தி இருக்கும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு கேரம் கிளப்புக்குப் போனால் சற்று நேரத்தில் என் பேச்சு, நடை, உட்காரும் விதம் எல்லாம் மாறிவிடுகின்றன. நண்பர்களோ நான் பெரிய மனிதன்போலப் பேசுவதாகக் கிண்டல் செய்கிறார்கள். அங்கே ஒருவன், இங்கே ஒருவன். இதில் எது நான்? இரண்டுமே மற்றவர்கள் உண்டாக்கியது என்றால் எனக்கென்று உள்ளே ஏதாவது இருக்கிறதா?

க., கொருக்குப்பேட்டை

*

அன்புள்ள தம்பி,

இரண்டும் நீங்கள்தான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அம்மாவிடம் பேசுவதுபோல மேலாளரிடம் யாரும் பேசுவதில்லை. மயிலாப்பூரில் பிறந்தவரும் இடத்துக்குத் தகுந்தபடி குரலையும் சொல்லையும் மாற்றிக்கொண்டுதான் வாழ்கிறார். ஆனால் அவர் தன் தெருவின் பெயரை விழுங்க வேண்டியதில்லை. உங்களுக்கு வலிப்பது அங்கேதான். பேச்சு மாறுவதற்காக வருந்தாதீர்கள். ஊர்ப்பெயரை மறைக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளியது எது என்று பாருங்கள்.

சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம், அவர்கள் நம்மை எப்படி எடை போடுகிறார்கள் என்று நாமே நினைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அதிலிருந்து எழும் பெருமையும் கூச்சமும் சேர்ந்துதான் 'நான்' என்ற உணர்வு உருவாகிறது என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. மற்றவர்களின் வாடையே படாமல் வளர்ந்த ஒரு 'நான்' யாரிடமும் இல்லை. அதற்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. கூடச் சிரித்துவிட்டு வந்த பிறகு அன்று முழுக்க உங்களை வேலை செய்யவிடாமல் அலைக்கழித்ததே, அது உங்களுடையது.

பிறர் பார்வை மனதோடு நிற்பதில்லை, கைவேலையையும் தொடும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 642 பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2006-ல் வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேர் உயர்சாதியினர், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாளில் வரைந்த புதிர்ப் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்; கண்டுபிடித்தால் காசு. சாதிப் பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே செய்தார்கள். வேறு சில குழுக்களில் ஒவ்வொருவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள். அவர்களுடைய அறிவில் ஒரு குறையும் இல்லை. அறையில் இருந்தவர்களுக்குத் தான் யார் என்று தெரிந்துவிட்டது என்ற நினைப்பே கையைக் கட்டிப்போட்டது. உங்கள் அலுவலகத்தில் யாரும் உங்கள் ஊரை வாசிக்கவில்லை. வாசித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் வடசென்னைக்கு இந்தக் கெட்ட பெயர் தானாக வந்துவிடவில்லை. துறைமுகம், எண்ணூர் அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர் குப்பைமேடு என்று நகரத்துக்குத் தேவையான, ஆனால் யாரும் தன் வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத எல்லாமே இங்கே வந்து சேர்ந்தன. மூட்டை தூக்கியவர்களும் குப்பை அள்ளியவர்களும் அதன் அருகிலேயே குடியிருந்தார்கள். புகையும் வெள்ளமும் அவர்களுக்கு, முரடர்கள் என்ற பெயரும் அவர்களுக்கே. சினிமா அந்தப் பெயரைப் பெரிதாக்கி விற்றது.

இதில் வெளியாரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பெரம்பூர் பக்கத்துப் பின்னி துணி ஆலைகளின் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1918-ல் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் அது ஒன்று. வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்தவர்கள் 'தொழிலாளி' என்ற ஒரே பெயரில் ஒன்றாக நின்றார்கள். மூன்றே ஆண்டுகள். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனதும் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. நேற்றுவரை பக்கத்துத் தறியில் நின்றவனை இன்று சாதியாக மட்டும் பார்த்தார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம் என்பது மாறியதும் நடத்தை தலைகீழாகிவிட்டது. இன்றும் நம் தெருக்களில் நண்பனுக்காக நிற்க வேண்டும் என்ற ஒரே கட்டாயத்தால், தனக்குச் சம்பந்தமில்லாத சண்டைக்குப் போய் வழக்கில் சிக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பாசத்தில் இதை மறைக்க எனக்கு மனமில்லை.

கேரம் கிளப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். பலகைக்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு, போரிக் பவுடர் படிந்த விரல்கள், சுற்றிப் பேசாமல் நிற்கும் பெரியவர்கள். பதினாறு வயதுப் பையன் குனிந்து ஸ்ட்ரைக்கரை வைக்கிறான். அடித்ததும் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்துவிடுகிறது. யாரும் வாய் திறக்கும் முன்பே, போட்ட காய் ஒன்றைத் தானே எடுத்துப் பலகை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறான். முகத்தில் கோபமே இல்லை. அதே பையனை இரவு பத்து மணிக்கு இரண்டு சக்கர வண்டியில் போகும்போது நிறுத்தி, பெயரைக்கூடக் கேட்காமல், "எந்த ஏரியா?" என்று கேட்கட்டும். தாடை இறுகும், பதில் வெடுக்கென்று வரும். கேட்டவர் தான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டிவிடுவார். முதல் இடத்தில் அவனிடம் நேர்மையை எதிர்பார்த்தார்கள், இரண்டாவது இடத்தில் குற்றத்தை. இரண்டு எதிர்பார்ப்புக்கும் அவன் ஈடுகொடுத்துவிட்டான்.

2008-ல் உலகச் சாம்பியனான வியாசர்பாடி இளவழகியும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இப்படிப்பட்ட பலகைகளில் விளையாடி வளர்ந்தவர்கள்தான். காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுநர். திறமை அவர்களுடையது. ஆனால் அதை எதிர்பார்த்துப் பக்கத்தில் நிற்க நாலு பேர் வேண்டும்.

அலுவலகத்தில் எல்லோர் முன்பும் எழுந்து நின்று அறிவிக்கச் சொல்ல மாட்டேன். அதற்கான விலையைக் கொடுக்கப்போவது நீங்கள், நான் இல்லை. நம்பத் தகுந்த ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அடுத்த முறை கத்திப் பேச்சு வந்தால் சிரிக்காமல் இருங்கள், அதுவே இப்போதைக்குப் போதும். நண்பர்களின் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விலகிப் போய்விடுவீர்களோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும்.

கிளப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவனாவது இருப்பான். எந்தப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம், நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு வந்தது என்று அவனுக்கு விவரமாகச் சொல்லுங்கள். முகவரி கேட்டபோது நீங்கள் எதை எழுதிக் கொடுத்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா