கேடிலாக் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வலது பாதம் சில்லிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த மாதம் டெட்ராய்ட் பக்கத்து ட்ராய் நகருக்கு வருகிறீர்கள். ஆபீசில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஒருவர் தன்னுடைய 2007 கேடிலாக் டிடிஎஸ் வண்டியை, அந்த அமெரிக்க ஆடம்பரக் காரை, அதே வயது டொயோட்டா கேம்ரியைவிட மலிவாகத் தருகிறேன் என்கிறார். கேடிலாக் நிஜமாகவே நல்ல கம்பெனியா, இல்லை தாத்தா வண்டி என்று நம் ஆட்கள் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பையனுக்குப் பள்ளிக்கூடம், இட்லி அரிசி. இட்லி அரிசி தாராளமாகக் கிடைக்கும். வாடகையும் பள்ளிக்கூடமும் வந்து இறங்கினால் தெரிந்துவிடும், சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வண்டிக்கு வருவோம்.

நான் வந்தது 2000 பிப்ரவரியில். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவனை ஒரு கன்சல்டன்சி கூட்டி வந்து, இதே டெட்ராய்ட் பக்கத்துச் சவுத்ஃபீல்டில் ஒற்றை பெட்ரூம் வீட்டில் நாலாவது ஆளாகப் படுக்க வைத்தது. பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது என்று மூன்றாம் நாளே புரிந்தது. கார் செய்கிற ஊர் பஸ்ஸை எதற்கு விடப்போகிறது! ரூம்மேட்டிடம் கடன் வாங்கி, கலர் கலராகத் தோரணம் கட்டிய ரோட்டோரப் பழைய கார் கடை ஒன்றில் 2,800 டாலருக்கு ஒன்பது வருட வண்டியை எடுத்தேன். எந்தக் கம்பெனி வண்டி, எந்தக் கடை என்பதெல்லாம் இப்போது எதற்கு. பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை. இரண்டாம் நாள் ரோடெல்லாம் பனிச் சேறு. ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலில் சாக்ஸ் நனைகிறது. ஹீட்டர் ஒழுகுகிறது போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், கேக் சுடுகிற தகரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள். தட்டின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் தார் ரோடு தெரிந்தது. தரையை அப்படியே துரு தின்றிருந்தது.

இந்த ஊர்த் துருவுக்குக் காரணம் உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 1,200 அடி ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்கிறார்கள், கீழே அந்தக் காரைத் தின்னும் உப்பை வெட்டுகிறார்கள். பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்க அந்த உப்பை ரோட்டில் கொட்டுவார்கள். நீங்கள் பார்க்கப்போகும் வண்டி பதினைந்து குளிர்காலத்துக்கு மேல் அந்த உப்பில் நின்றிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தட்டைக் கண்டுபிடித்த மறுநாள் காலை, முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைக் கரைக்கக் கெட்டிலில் வெந்நீரோடு இறங்கினேன். ஊற்றக் கையைத் தூக்கும்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் செருப்புக்காலோடு கத்திக்கொண்டே ஓடி வந்தார். ஊற்றியிருந்தால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். கெட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுரண்டுகிற பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். கறுப்பர். டெட்ராய்ட்டின் கிளார்க் தெருவில் இருந்த கேடிலாக் ஆலையில், 1987-ல் அது மூடப்படும் வரை வேலை பார்த்தவர். அவருடைய கார் கொட்டகையில் உறை போட்டு ஒரு 1978 கேடிலாக் சீடான் டிவில் நின்றது. நவம்பரில் மூடினால் ஏப்ரலில் மழை பெய்து ரோட்டு உப்பைக் கழுவிய பிறகுதான் திறப்பார். குளிர்காலத்துக்கு ஓட்டை பிக்கப் ஒன்று வைத்திருந்தார். கேடிலாக்கைச் செய்த ஆளே அதை உப்பில் இறக்க மாட்டார். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே வந்துவிட்டது.

நல்ல கம்பெனியா என்றால், எந்த வருடத்துக் கம்பெனி என்று நான் திருப்பிக் கேட்பேன்.

1902-ல் ஹென்றி ஃபோர்ட் தன் பெயரில் இருந்த ஒரு கம்பெனியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறினார். பணம் போட்டவர்கள் மிச்சமிருந்த மிஷின்களை விற்றுவிடலாம் என்று விலை மதிப்பிட ஹென்றி லேலண்ட் என்பவரை அழைத்தார்கள். விற்காதீர்கள், என்னிடம் ஒரு எஞ்சின் இருக்கிறது, அதை வைத்து வண்டி செய்யுங்கள் என்று அவர் சொன்னார். அதுதான் கேடிலாக். லேலண்ட் துப்பாக்கி ஆலைகளில் பழகிய மிஷின்காரர், அளவு விஷயத்தில் பிடிவாதக்காரர். லேத் பட்டறை வாசனை தெரிந்த நம்மூர் ஆளுக்கு அவரைப் பிடிக்காமல் போகாது. 1908-ல் இங்கிலாந்தில் மூன்று கேடிலாக்கைக் கழற்றி, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்து, அந்தக் குவியலிலிருந்து மறுபடி மூன்று வண்டி பூட்டினார்கள். அரம் வைத்து ஒன்றையும் தேய்க்கவில்லை. மூன்றும் 500 மைல் ஓடின. அந்தக் காலத்தில் ஒரு வண்டியின் பாகம் அடுத்த வண்டிக்குச் சேராது என்பதால் இது பெரிய அதிசயம், அதற்கு டீவர் கோப்பை கொடுத்தார்கள். உலகத்துக்கே அளவுகோல் என்று கேடிலாக் தன்னைச் சொல்லிக்கொண்டதற்கு அடிப்படை இதுதான். மறு வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிவிட்டது.

அப்புறம் 1912. நம்மூரில் வண்டி கிளம்பவில்லை என்றால் ‘செல்ஃப் எடுக்கலை’ என்கிறோமே, அந்த செல்ஃப் கேடிலாக்கில் வந்தது. அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும், எஞ்சின் உதைத்தால் கை உடையும், ஆளே போனதும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்பவர் பேட்டரி மோட்டாரில் கிளம்புகிற ஏற்பாட்டைச் செய்தார், கேடிலாக் அதை எல்லா வண்டியிலும் போட்டது. பெரியவர் இதைச் சொன்னபோது, எங்கள் ஊர் மெக்கானிக் பையன்கூட அந்த வார்த்தையைத்தான் சொல்வான் என்றேன். என்னைச் சொல்லச் சொல்லி நாலு தடவை கேட்டுச் சிரித்தார்.

பெயரைப் பற்றியும் ஒரு வேடிக்கை. 1701-ல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அன்ட்வான் தெ லா மோத் கேடிலாக். அவருடைய சொந்தப் பெயர் லோமே. அமெரிக்கா வந்த பிறகு தானே ஒரு பிரபுப் பட்டத்தையும் குலச்சின்னத்தையும் உண்டாக்கிக்கொண்டார். அந்தச் சின்னத்திலிருந்து வந்ததுதான் பானட்டில் ஒட்டியிருக்கும் கேடிலாக் முத்திரை. கப்பல் ஏறியதும் ஊரில் இல்லாத பெருமையைச் சேர்த்துக்கொள்கிற பழக்கம் நம் ஆட்களோடு தொடங்கியதில்லை பாருங்கள்.

பெரியவருக்கு அந்த வண்டி வெறும் வேலை பார்த்த கம்பெனியின் வண்டியல்ல. ஒரு காலத்தில் கேடிலாக்கைக் கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்றே கம்பெனியின் கொள்கை. காசு வைத்திருந்த கறுப்பின டாக்டரோ, குத்துச்சண்டை வீரரோ, பாடகரோ ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து, மேலே கொஞ்சம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கச் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் விற்பனை படுத்துக் கிடந்தபோது, சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கோலஸ் டிரைஸ்டாட், ரிப்பேருக்கு வருகிற ஓனர்களில் இத்தனை கறுப்பர்கள் இருக்கிறார்களே என்று கவனித்து, அந்த லாபம் ஏன் இடையில் நிற்கிறவனுக்குப் போக வேண்டும் என்று மேலிடத்தில் போய்ப் பேசினார். மேலாண்மை பற்றி எழுதிய பீட்டர் டிரக்கர் பதிவு செய்த கதை இது. தடை போனது, விற்பனை எழுந்தது, 1934-ல் டிரைஸ்டாடே கேடிலாக்கின் தலைவர் ஆனார். நியாயத்துக்காக இல்லாமல் லாபத்துக்காகத் திறந்த கதவு என்று பெரியவருக்குத் தெரியும். அவருடைய அப்பா முதல் கேடிலாக்கைச் சொந்தப் பெயரில் வாங்கியபோது, ரசீதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தாராம்.

பிறகு மீன் வால் மாதிரிப் பின்துடுப்பு வைத்த காலம். 1948-ல் ஒரு போர் விமானத்தைப் பார்த்து லேசாக ஆரம்பித்தது, 1959-ல் ஆகாயத்தைக் குத்துகிற அளவுக்குப் போனது. எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் கேடிலாக் எல்லோருக்கும் தெரியும். ஜனாதிபதி போவதும் அதில், பிணம் போவதும் அதில்: சவ ஊர்திகளில் பாதிக்கு மேல் கேடிலாக்காகத்தான் பார்த்திருப்பேன். எந்தப் பொருளிலும் உயர்ந்ததை ‘கேடிலாக்’ என்று சொல்வது பேச்சு வழக்கு. விலை உயர்ந்த மருத்துவக் காப்பீட்டுக்கு 2010 சட்டத்தில் கொண்டுவந்த வரிக்குக்கூட ‘கேடிலாக் வரி’ என்றுதான் பெயர். வசூலிக்காமலேயே 2019-ல் ரத்து செய்தார்கள்.

சரிவு 1980களில். 1981-ல் எட்டு சிலிண்டர், தேவைப்பட்டால் ஆறு, நாலு என்று மாறும் எஞ்சின் போட்டார்கள். யோசனை நல்லது, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. பலர் ஒயரைத் துண்டித்து எட்டிலேயே ஓட்டினார்கள். 1982-ல் சிமரான் என்று ஒன்று. செவ்ரோலே கேவலியருக்குத் தோல் சீட்டும் முத்திரையும் போட்டு கேடிலாக் விலைக்கு விற்றார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே பெரியவர் தலையைத் திருப்பிக்கொள்வார். 1987-ல் அலான்டே: இத்தாலியில் பாடி செய்து, போயிங் 747-ல் ஏற்றி டெட்ராய்ட் கொண்டுவந்து, இங்கே எஞ்சின் பூட்டினார்கள். அந்தச் செலவை யார் கணக்குப் பார்த்தார்களோ! தாத்தா வண்டி என்ற பெயர் இந்தக் காலத்தில்தான் நிலைத்தது. பிறகு எஸ்கலேட் என்ற பெரிய எஸ்யூவி வந்து ராப் பாடகர்கள் ஏறியதும் பெயர் மறுபடி இளமையானது. இப்போது லிரிக் என்ற மின்சாரக் கார் ஓடுகிறது. பெயருக்கும் இரும்புக்கும் நடுவில் எப்போதும் பத்திருபது வருட இடைவெளி, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சிரிப்பார்களா? சிரிப்பார்கள். பக்கத்துப் பாண்டியாக் ஊரின் பராசக்தி கோவில் பார்க்கிங்கில் போய்ப் பாருங்கள், வரிசையாகச் சாம்பல் நிறக் கேம்ரியும் ஹோண்டா ஒடிஸ்ஸி வேனும். திரும்பி வந்தால் தன் வண்டி எது என்று ரிமோட்டை அமுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாண்டியாக் என்ற பெயரில் ஒரு காரே இருந்தது, 2010-ல் மூடினார்கள் என்பது அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் ரீசேல் வேல்யூ சொல்வார்கள். அமெரிக்கக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே அமெரிக்க வண்டி குப்பை என்பார்கள். இன்னொரு கூட்டம் வந்த இரண்டாம் வருடமே ஜெர்மன் வண்டியை லீஸுக்கு எடுத்து, சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பும். இரண்டு பேரிடமும் யோசனை கேட்காதீர்கள். நான் பிரேக் பேட் மாற்றுவதிலிருந்து ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்த கறுப்புப் பனியில் சறுக்கும் வண்டியைத் திருப்புவது வரை இங்கேதான் கற்றேன், கோவில் பார்க்கிங்கில் இல்லை.

இனி உங்கள் டிடிஎஸ். அதில் இருப்பது நார்த்ஸ்டார் எஞ்சின். ஓட்டினால் வெண்ணெய். ஆனால் இந்த எஞ்சின் குடும்பத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு: எஞ்சினின் அலுமினிய பிளாக்கில், மேல்மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட்டின் மரை கழன்றுவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறையும், எஞ்சின் சூடாகும். சரி செய்ய எஞ்சினையே இறக்கிப் புது மரை போட வேண்டும், பில் வண்டி விலையைத் தாண்டும். பிந்தைய வருடங்களில் போல்ட்டை மாற்றிக் குறைத்தார்கள், உங்களுடையது அதில் சேரும். இருந்தாலும் முந்தின ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் பண்ணாத வண்டியாகப் பாருங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கூலன்ட் டப்பாவில் அளவைப் பார்த்து, ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். குமிழியோ புகை வாசனையோ வந்தால் வேண்டாம்.

விற்பனைப் பேப்பரில் விலையைக் குறைத்து எழுதுகிறேன், வரி மிச்சம் என்று விற்பவர் சொன்னால் கூடாது. விசாவில் இருக்கிறவனுக்கு ஆறு சதவீத வரி மலிவான நிம்மதி. நம்பர் பிளேட் வண்டியோடு வராது, பழைய ஓனர் கழற்றிக்கொள்வார், பயப்படாதீர்கள். இன்சூரன்ஸில் 2020 ஜூலைக்குப் பிறகு மருத்துவச் செலவு வரம்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். மாதப் பணம் குறைகிறதே என்று இருப்பதிலேயே குறைந்த வரம்பை எடுக்காதீர்கள், குழந்தையோடு வருகிறீர்கள்.

2000 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் உறையை எடுத்தார். பெல் ஐல் தீவுக்கு என்னைக் கூட்டிப்போனார். வெல்வெட் சீட், எங்கள் வீட்டுக் கல்யாண சோபா மாதிரி. கதவு சாத்தினால் ‘தப்’ என்று ஒரே ஒரு சத்தம், அதிர்வு கிடையாது. பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, சாவியை என்னிடம் கொடுத்தார். முன்னால் பானட் கட்டில் நீளத்துக்குக் கிடந்தது. சாவியைத் திருப்பினேன், அரைச் சுற்றில் செல்ஃப் எடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. இருபது மைல் வேகத்தைத் தாண்டாமல் தீவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவர் பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

நீங்கள் வந்து இறங்கியதும் போன் பண்ணுங்கள். சனிக்கிழமை காலை நானும் வருகிறேன். பழைய பெட்ஷீட் ஒன்று எடுத்து வையுங்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கார்ப்பெட்டை நான் தூக்கிக்கொள்கிறேன்.