மீன் தொட்டி பற்றி இணையத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: புதுத் தொட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பிய மறுநாளே ஆறு கோல்டுஃபிஷ் விட்டீர்கள். ஒரே வாரத்தில் மூன்று செத்துவிட்டன. படம் போட்டு விசாரித்ததில் ஒருவர் கல்லுப்பு போடச் சொன்னார், இன்னொருவர் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றச் சொன்னார், மூன்றாமவர் தண்ணீரை முழுசாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பச் சொன்னார்.

மூவருமே நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தொட்டியில் எது பலித்ததோ அதைச் சொல்கிறார்கள். உங்கள் தொட்டியைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த தகவல் அந்த ஒரு படம் மட்டுமே. மீனின் தோலில் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியலாம், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் வாழும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். உங்கள் தொட்டிக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. அதனால் வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன் அம்மோனியாவைத்தான் நான் சந்தேகிப்பேன்.

இப்போது அந்த மூன்று யோசனைகளையும் பாருங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் மீனின் உடலுக்குள் போவதைக் குறைக்கும், அது உண்மை. அம்மோனியாவுக்கு அது மருந்து ஆகாது. மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் உதவும், ஆனால் இனிமேல்தான் வளர வேண்டிய அந்த நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். தண்ணீர் முழுவதையும் மாற்றினால் நஞ்சு போகும், சரி. ஆனால் புதுத் தண்ணீரின் சூடும் பிஎச்சும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) திடீரென்று வேறாக இருந்தால் தளர்ந்து போன மீனுக்கு அது இன்னொரு அடி. மெட்ரோ வாட்டரை நேராக ஊற்றினால் அதிலுள்ள குளோரின் வேறு செவுளை எரிக்கும்.

ஆகவே, மறுபடி கேட்கும்போது படத்தோடு இதையெல்லாம் எழுதுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், எந்தத் தேதியில் நிரப்பினீர்கள், என்ன ஃபில்டர், அது இரவிலும் ஓடுகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி போடுகிறீர்கள். தண்ணீர் போரா, மெட்ரோ வாட்டரா, கேனா என்பதை விட்டுவிடவே கூடாது. பல இடங்களில் போர் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு. ஒரே அளவு அம்மோனியா இருந்தும் ஒரு வீட்டில் மீன் பிழைப்பதற்கும் மற்றொரு வீட்டில் சாவதற்கும் இது ஒரு காரணம். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, அது காட்டும் எண்ணையும் சேர்த்துப் போட்டால் கிடைக்கும் பதில்களின் தரமே மாறிவிடும்.

பதில் சொல்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் கவனியுங்கள். குளிர்நாட்டில் இருப்பவர் ஹீட்டர் வாங்கச் சொல்வார், அவர் ஊருக்கு அது சரி. கோல்டுஃபிஷ் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். நம் ஊர் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் போல ஆக்சிஜன் கரையும், 30-இல் ஏழரைதான். இங்கே ஹீட்டரைவிட ஏர் பம்ப்தான் முக்கியம்.

முகம் தெரியாதவர்களில் யாரை நம்பலாம் என்றால், மருந்துப் பெயர் சொல்வதற்கு முன் உங்களிடம் நாலு கேள்வி திருப்பிக் கேட்பவரை நம்பலாம். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்குபவரையும்தான். சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் நெடுநாள் தொழிலில் இருக்கும் அண்ணன்மாரிடமும் கேளுங்கள், உள்ளூர்த் தண்ணீரை அவர்கள் அறிவார்கள்.

நாய், பூனை என்றால் என் பதிலே வேறு. எந்தத் தீனி, எப்படிப் பழக்குவது, எந்த சீப்பு என்பதையெல்லாம் தாராளமாக இணையத்தில் கேட்கலாம். சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தால் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்றதும் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்ன பதிலை நானே படித்திருக்கிறேன். ஒரு மாத்திரைகூட பூனையைக் கொன்றுவிடும். சென்னையில் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு.

மிச்சமிருக்கும் மூன்று மீன்களுக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனி போடாதீர்கள், அதனால் ஒன்றும் ஆகாது. தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்த பிறகு ஊற்றுங்கள். ஏர் பம்பை நிறுத்தவே வேண்டாம். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அம்மோனியா எண், பிஎச், தொட்டியின் லிட்டர் மூன்றையும் இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.